4,000 பேருக்கு அனுப்பியதும் 140 பேருக்கு எழுதியதும்: ஒரு காலிபிரேஷன் ஆய்வகத்தின் விற்பனை மின்னஞ்சல்கள்

பின்னணி

பதினைந்து பேர் வேலை செய்யும் ஒரு காலிபிரேஷன் ஆய்வகம் இது. தொழிற்சாலைகளில் புழங்கும் வெர்னியர், மைக்ரோமீட்டர், பிரஷர் கேஜ், எடைத்தராசு, வெப்பமானி போன்றவை சரியான அளவைக் காட்டுகின்றனவா என்று சோதித்துச் சான்றிதழ் தருவது அதன் தொழில். இத்தகைய ஆய்வகங்களின் திறனுக்கான சர்வதேசத் தரநிலையான ஐ.எஸ்.ஓ./ஐ.இ.சி. 17025 அங்கீகாரம் உண்டு. வந்த வேலையெல்லாம் பழைய வாடிக்கையாளர்கள் கைகாட்டி வந்தவை. பெரிய வாடிக்கையாளர் இருவர் சொந்தமாக ஆய்வகம் அமைத்துக்கொண்டபோது, புது வேலையை வெளியே போய்த் தேட வேண்டியதாயிற்று.

உரிமையாளர், விற்பனை அலுவலர், அலுவலக உதவியாளர் என மூன்று பேர் சேர்ந்து திட்டம் போட்டார்கள். ஏறத்தாழ 4,000 முகவரிகள் கொண்ட பட்டியல் ஒன்றை விலைக்கு வாங்கினார்கள். மொத்தமாக மின்னஞ்சல் அனுப்பித்தரும் சேவை ஒன்றில் கணக்குத் தொடங்கி, நிறுவனத்தின் முதன்மை டொமைனிலிருந்தே (மின்னஞ்சல் முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர்) அனுப்பத் தொடங்கினார்கள். போன மடல் இது:

பொருள்: தரமான காலிபிரேஷன் சேவைகள் – சிறப்புச் சலுகை!

"மதிப்பிற்குரிய ஐயா/அம்மா, எங்கள் நிறுவனம் பல ஆண்டுகளாகக் காலிபிரேஷன் துறையில் முன்னணியில் உள்ளது. அனுபவம் மிக்க பொறியாளர்களையும் நவீன கருவிகளையும் கொண்டு உலகத் தரத்தில் சேவை வழங்கி வருகிறோம். எங்களைப் பற்றிய அறிமுகக் கையேட்டை இணைத்துள்ளோம். தங்களுக்கு வசதியான நேரத்தில் 30 நிமிடச் சந்திப்புக்கு வாய்ப்பளிக்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்."

மூன்று வாரத்தில் பட்டியல் முழுக்க அனுப்பி முடிந்தது. வந்த பதில்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றிலும் பெரும்பாலானவை 'எங்கள் முகவரியை நீக்கவும்' என்பவை. இதற்கிடையில் வேறொரு தொல்லை கிளம்பியது. பழைய வாடிக்கையாளர்கள் தொலைபேசியில் கூப்பிட்டு, காலிபிரேஷன் சான்றிதழும் இன்வாய்ஸும் வரவில்லையே என்று கேட்டார்கள். தேடிப் பார்த்தால் எல்லாம் ஸ்பேம் பெட்டியில் கிடந்தன.

கண்டறிந்தவை

முதலில் பார்த்தது இந்தத் தொல்லையைத்தான். புது வாடிக்கையாளர் வராதது ஒரு நஷ்டம். இருக்கிற வாடிக்கையாளரின் கையில் சான்றிதழ் போய்ச் சேராதது அதைவிடப் பெரிய நஷ்டம்.

காரணம் டி.என்.எஸ். பதிவில், அதாவது டொமைனின் அமைப்புகளை இணையத்துக்குச் சொல்லும் பொதுப் பதிவேட்டில், இருந்தது. மொத்தமாக அனுப்பும் சேவையின் வழிகாட்டி, ஒரு எஸ்.பி.எஃப். பதிவை, அதாவது டொமைனின் பெயரில் எந்தெந்த சர்வர்கள் மடல் அனுப்பலாம் என்ற பட்டியலை, சேர்க்கச் சொல்லியிருந்தது. உதவியாளர் அதை ஏற்கெனவே இருந்த பதிவோடு இணைக்காமல், இரண்டாவது பதிவாகச் சேர்த்துவிட்டார். ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்.பி.எஃப். பதிவுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் பெறும் சர்வர் எதையும் தேர்ந்தெடுக்காது. நிரந்தரப் பிழை என்று குறித்துவிடும். அதன் பிறகு அந்த டொமைனிலிருந்து வழக்கமான முறையில் போகும் ஒவ்வொரு மடலும் எஸ்.பி.எஃப். சோதனையில் தோற்கும். மடல் அங்கிருந்தே வந்தது என்று காட்டும் டி.கே.ஐ.எம். என்ற மின்கையொப்பமோ அந்த டொமைனுக்கு அமைக்கப்படவே இல்லை. இந்தச் சோதனைகளில் தோற்கும் மடலை என்ன செய்வது என்று பெறும் சர்வருக்குச் சொல்லும் டிமார்க் பதிவும் கிடையாது. 2024 பிப்ரவரியிலிருந்து, தனிநபர் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்பும் எவருக்கும் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று கூகுள் விதித்திருக்கிறது. நாளொன்றுக்கு 5,000 மடல்களைத் தாண்டுவோர் இரண்டையும் வைத்திருப்பதோடு டிமார்க்கும் அமைக்க வேண்டும். இந்த ஆய்வகம் அந்த அளவுக்கு அனுப்பவில்லை. ஆனால் அடிப்படை விதியிலேயே சிக்கிக்கொண்டது.

விற்பனை மடல்களில் ஒரு பகுதி மட்டும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததற்கும் இதிலேயே விடை இருந்தது. அவற்றை அனுப்பிய சேவை தன் சொந்த டொமைனின் பெயரில் கையொப்பமிட்டிருந்தது. அடிபட்டவை இன்வாய்ஸ்கள்தான்.

அடுத்தது பட்டியல். எட்டில் ஒரு முகவரி 550 என்ற நிரந்தர மறுப்போடு திரும்பி வந்திருந்தது. பெரும்பாலும் அந்தப் பெட்டியே இல்லை என்று பொருள். மீதியில் பெரும்பகுதி 'தகவல்', 'அலுவலகம்' என்று தொடங்கும் பொது முகவரிகள். கருவிகளுக்குப் பொறுப்பானவர் கண்ணில் படாதவை. எஞ்சியதிலும் கொள்முதல் துறையினரே அதிகம்.

மூன்றாவது, அளவீடு. அனுப்பும் சேவையின் திரையில் 'திறந்து படித்தோர்' பாதியை நெருங்கியதாகக் காட்டியது. உரிமையாளர் அதை நம்பி, மடல் சரியாகத்தான் இருக்கிறது, தொடர்ந்து அனுப்பினால் போதும் என்று எண்ணியிருந்தார். திறப்புக் கணக்கு மடலுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு நுண்படம் ஏற்றப்படுவதை வைத்து எடுக்கப்படுகிறது. 2021 செப்டம்பரில் ஆப்பிள் தன் மெயில் செயலியில் தனியுரிமைப் பாதுகாப்பைக் கொண்டுவந்தது. அதை இயக்கியவர்களுக்கு, மடலைத் திறந்தாலும் திறக்காவிட்டாலும் படங்கள் முன்கூட்டியே ஏற்றப்படுகின்றன. அலுவலகங்களின் பாதுகாப்பு மென்பொருள்கள் இணைப்புகளைத் தாமே சொடுக்கிச் சோதிப்பதும் உண்டு. ஆகவே திறப்பும் சொடுக்கும் மனிதர் செய்தவை என்று கொள்ள வழியில்லை. இந்த வேலையில் நம்பத் தகுந்த கணக்கு பதில் ஒன்றுதான்.

மடலின் குறை கடைசியாகத்தான் வருகிறது. அதில் உள்ள நான்கு வாக்கியங்களில் மூன்று அனுப்பியவரைப் பற்றியவை. பெறுபவரைப் பற்றி ஒன்றுமில்லை. பொருள் வரிக்குப் பக்கத்தில் பெட்டியில் தெரியும் முதல் வரி 'மதிப்பிற்குரிய ஐயா/அம்மா' என்பதால், திறப்பதற்கு முன்பே அது ஒரு விளம்பரம் என்று தெரிந்துவிடும். கேட்டதோ அரை மணி நேரம். முகம் தெரியாத ஒருவர் முதல் மடலிலேயே அவ்வளவு கேட்டால், மறுத்து எழுதக்கூட யாருக்கும் தோன்றாது.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, எல்லா விற்பனை மடலையும் அன்றே நிறுத்துவது. பிறகு எஸ்.பி.எஃப். பதிவுகள் இரண்டும் ஒன்றாக்கப்பட்டன. இணைக்கும்போது, அந்தப் பதிவைச் சரிபார்க்கப் பெறும் சர்வர் செய்ய வேண்டிய டி.என்.எஸ். தேடல்கள் பத்தைத் தாண்டக் கூடாது என்ற வரம்பையும் பார்க்க வேண்டியிருந்தது. தாண்டினால் அதுவும் நிரந்தரப் பிழைதான். பயன்படாத இரண்டு பழைய சேவைகள் பதிவிலிருந்து நீக்கப்பட்டன. டி.கே.ஐ.எம். அமைக்கப்பட்டது. டிமார்க் முதலில் கண்காணிப்பு நிலையில் மட்டும் வைக்கப்பட்டது. அதன் தினசரி அறிக்கைகளைப் பார்த்தபோது, கணக்கு மென்பொருள் ஒன்றும் நிறுவனத்தின் பெயரில் மடல் அனுப்புவது தெரியவந்தது. அதையும் சரிசெய்த பிறகே 'தனிமைப்படுத்து' நிலைக்கு உயர்த்தினார்கள். எடுத்த எடுப்பிலேயே அந்த நிலையை வைத்திருந்தால் கணக்கு மென்பொருளின் இன்வாய்ஸ்கள் மறுபடி ஸ்பேமுக்குப் போயிருக்கும்.

இரண்டாவது, விற்பனை மடல்களுக்குத் தனி டொமைன். இனி ஏதேனும் கெட்டாலும் சான்றிதழ் அனுப்பும் டொமைனுக்குச் சேதம் வரக் கூடாது என்பதே காரணம். புது டொமைனிலிருந்து உடனே நிறைய அனுப்பினால் ஸ்பேம் வடிகட்டிகள் சந்தேகப்படும். அதனால் முதல் சில வாரங்கள் தெரிந்தவர்களோடு வழக்கமான கடிதப் போக்குவரத்து மட்டும் நடந்தது. பிறகும் நாளொன்றுக்குப் பத்துக்கு மேல் போகவில்லை. மொத்தமாக அனுப்பும் சேவையைக் கைவிட்டு, சாதாரண அஞ்சல்பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக அனுப்பினார்கள். திறப்பை எண்ணும் நுண்படமும் கண்காணிப்பு இணைப்பும் இல்லை. முதல் மடலில் கோப்பும் இல்லை.

மூன்றாவது முடிவுதான் விளைவை மாற்றியது: வாங்கிய பட்டியலைத் தூக்கியெறிந்து, யாருக்கு எழுதுவது என்பதைப் புதிதாக முடிவு செய்தார்கள்.

பட்டியல் உருவான விதம்

கேள்வியைத் தலைகீழாகக் கேட்டார்கள். காலிபிரேஷன் யாருக்குத் தேவை என்று கேட்டால் எல்லாத் தொழிற்சாலைக்கும் என்பதே விடை. யாருக்கு இன்னும் சில மாதங்களில் தேவை, அது வெளியிலிருந்து பார்த்தாலே தெரிகிறதா? இப்படிக் கேட்டபோது பட்டியல் சுருங்கியது.

ஒரு நிறுவனத்தின் தர மேலாண்மைக்குத் தரப்படும் ஐ.எஸ்.ஓ. 9001 சான்றிதழ் மூன்றாண்டுகளுக்குச் செல்லும். இடையில் ஆண்டுதோறும் கண்காணிப்புத் தணிக்கை உண்டு. காலம் முடிவதற்குள் மறுசான்றிதழ்த் தணிக்கை முடிந்தாக வேண்டும். அந்தத் தரநிலையின் 2015 பதிப்பில் 7.1.5 பிரிவு அளவிடும் கருவிகளைப் பற்றியது. தணிக்கையாளர் அதன் கீழ் காலிபிரேஷன் பதிவுகளைக் கேட்பார். பல நிறுவனங்கள் தங்கள் ஐ.எஸ்.ஓ. சான்றிதழை இணையதளத்தில் வைத்திருக்கின்றன. முடியும் தேதி அதிலேயே அச்சாகியிருக்கும். சான்றிதழ் முடிய நான்கு முதல் ஆறு மாதங்கள் உள்ள நிறுவனங்கள் மட்டும் பட்டியலில் ஏறின. அதற்கு முன் எழுதினால் அவசரம் இருக்காது. மூன்று மாதத்துக்குள் என்றால் வேலையை யாரிடமாவது கொடுத்திருப்பார்கள்.

தர ஆய்வாளர் வேலைக்கு விளம்பரம் கொடுத்தவை, புதிய உற்பத்திப் பிரிவு தொடங்குவதாக அறிவித்தவை ஆகியவையும் சேர்க்கப்பட்டன. ஆனால் இந்த இரண்டும் பலவீனமான அடையாளங்கள் என்பது பின்னால் தெரிந்தது.

யாருக்கு எழுதுவது என்பதில் விற்பனை அலுவலருக்கும் உரிமையாளருக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. ஆர்டர் போடுவது கொள்முதல் துறை, அங்கேதான் எழுத வேண்டும் என்றார் அலுவலர். தணிக்கையில் குறை எழுதப்பட்டால் பதில் சொல்ல வேண்டியவர் தர மேலாளர். பிரச்சினை அவருடையது என்பதால் பதிலும் அவரிடமிருந்தே வரும் என்றார் உரிமையாளர். தர மேலாளருக்கே எழுதுவது என்று முடிவாயிற்று. பெயரும் முகவரியும் நிறுவனத்தின் இணையதளத்திலோ வேலை விளம்பரத்திலோ கிடைத்தால் மட்டுமே பயன்படுத்தினார்கள். முகவரியை ஊகித்து அனுப்பவில்லை. முகவரி சரிபார்க்கும் கருவிகளை முழுமையாக நம்ப முடியாது. எந்தப் பெயரில் வந்தாலும் ஏற்றுக்கொள்ளும்படி அமைத்த சர்வர்கள் இல்லாத பெட்டியையும் இருப்பதாகவே காட்டும்.

நிறுவனம் ஒன்றுக்குக் கால் மணி நேரம் பிடித்தது. இப்படி 140 பேர் சேர்ந்தார்கள்.

சட்டத்தையும் பார்த்தார்கள், ஏனெனில் பட்டியல் ஒரே நாட்டோடு நிற்கவில்லை. வணிக மின்னஞ்சல்களுக்கான அமெரிக்காவின் 2003ஆம் ஆண்டு கேன்-ஸ்பேம் சட்டம் நிறுவனங்களுக்கு எழுதும் மடல்களுக்கும் பொருந்தும். ஏமாற்றும் பொருள் வரி கூடாது, அனுப்புநரின் அஞ்சல் முகவரி வேண்டும், விலகும் வழி வேண்டும், விலகக் கேட்டால் 10 வேலை நாட்களுக்குள் நிறுத்த வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜி.டி.பி.ஆர். என்ற தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிப்படி, ஒருவரின் விவரத்தை அவரிடமிருந்து அல்லாமல் வேறிடத்தில் பெற்று அவருக்கே எழுதினால், எங்கே பெற்றோம் என்பதை முதல் தொடர்பிலேயே தெரிவிக்க வேண்டும். எனவே எந்த நாட்டுக்குப் போனாலும், மடலின் அடியில் முகவரி கிடைத்த இடத்தைச் சொல்லும் ஒரு வரி இடம்பெற்றது. சட்டத்துக்காகச் சேர்த்த அந்த வரி, வாங்கிய பட்டியலிலிருந்து வந்த மடல் இது இல்லை என்பதையும் படிப்பவருக்குக் காட்டியது.

மடல் மாறிய விதம்

முதல் வரைவு சுருக்கமாகத்தான் இருந்தது. ஆனால் அதில் 'காலிபிரேஷன் பதிவுகள் சரியில்லையென்றால் தணிக்கையில் சிக்கல் வரும்' என்று ஒரு வரி. முதல் இருபது மடல்களில் அது போனது. வந்த பதில்களில் ஒன்று, 'எங்கள் பதிவுகள் ஒழுங்காகவே இருக்கின்றன' என்று வெடுக்கென்று முடிந்தது. நியாயமான கோபம். தன் வேலையைத் தெரிந்தவரிடம் போய் அவர் வேலை சரியில்லை என்று பயமுறுத்துவது போன்ற வரி அது. உடனே நீக்கினார்கள். பிறகு நிலைத்த வடிவம்:

பொருள்: மார்ச் மறுசான்றிதழும் கருவி காலிபிரேஷனும்

"வணக்கம். உங்கள் இணையதளத்தில் உள்ள ஐ.எஸ்.ஓ. 9001 சான்றிதழ் மார்ச்சில் முடிகிறது. தணிக்கைக்கு முன் கருவிகளை வெளியே அனுப்பிக் காத்திருக்க வேண்டாம் என்று நினைக்கும் ஆலைகளுக்கு, நாங்களே வந்து காலிபிரேஷன் செய்கிறோம். 60 கருவிகள் வரை இரண்டு நாள் வேலை. 17025 அங்கீகாரத்தோடு சான்றிதழ் தருகிறோம். இந்த வேலையை இப்போது உங்கள் ஆட்களே செய்கிறார்களா, வெளியே கொடுக்கிறீர்களா?"

கீழே அனுப்புநரின் பெயர், நேரடித் தொலைபேசி எண், அஞ்சல் முகவரி, முகவரி கிடைத்த இடம், 'வேண்டாம் என்று ஒரு வரி எழுதினால் மறுபடி எழுத மாட்டோம்' என்ற வாக்கியம்.

இதில் ஒவ்வொன்றும் ஒரு காரணத்தோடு இருக்கிறது. முதல் வாக்கியத்தை வேறு எந்த நிறுவனத்துக்கும் அப்படியே அனுப்ப முடியாது. பொருள் வரியில் பெறுபவரின் மாதம் இருக்கிறது. அனுப்புநரின் பெருமை இல்லை. 'ரீ:' என்று போட்டுப் பழைய உரையாடல்போலக் காட்டும் தந்திரத்தை விற்பனை அலுவலர் சொல்லிப் பார்த்தார். கேன்-ஸ்பேம் தடுக்கும் ஏமாற்றுப் பொருள் வரி அதுவே என்பதால் விட்டுவிட்டார்கள். அது பொய் என்று திறந்த கணமே தெரியும், அதன்பின் யாரும் பதில் எழுத மாட்டார்கள். '60 கருவிகள், இரண்டு நாள்' என்பது 'விரைவான சேவை' என்பதற்குப் பதில் வந்தது. தர மேலாளர் தன் கருவிகளின் எண்ணிக்கையை மனத்தில் வைத்து உடனே கணக்குப் போட முடியும்.

மிக முக்கியமானது கடைசிக் கேள்வி. அதற்கு 'வெளியே கொடுக்கிறோம்' என்று இரண்டே சொல்லில், கைப்பேசியிலிருந்தே பதில் எழுதலாம். நாட்காட்டியைத் திறக்க வேண்டாம், மேலதிகாரியைக் கேட்க வேண்டாம். எந்தப் பதில் வந்தாலும் அடுத்த உரையாடலுக்கு அதில் இடம் இருக்கிறது. 'ஆர்வம் உண்டா' என்று கேட்டிருந்தால் 'இல்லை' என்பதோடு கதை முடிந்திருக்கும்.

பின்தொடர்தல்

பதில் வராதவர்களுக்கு இரண்டு மடல்கள் மட்டும். முதலாவது, நான்கு வேலை நாட்களுக்குப் பின், அதே மடல் தொடரில். 'முந்தைய மடலைப் பார்த்தீர்களா' என்று கேட்கவில்லை. இப்போதுள்ள காலிபிரேஷன் சான்றிதழில் பார்க்க வேண்டிய மூன்று இடங்களைச் சொன்னது: அளவீட்டு நிச்சயமின்மை (அளவு எவ்வளவு கூடக்குறைய இருக்கலாம் என்பது) குறிப்பிடப்பட்டிருக்கிறதா, அளவு தேசியத் தரநிலைகளோடு தொடர்புபடுத்தப்பட்டிருக்கிறதா, சோதித்த அளவு வரம்பு ஆய்வகத்தின் அங்கீகார எல்லைக்குள் வருகிறதா. ஆய்வகத்திடம் வேலை கொடுக்காதவருக்கும் இது பயன்படும்.

இரண்டாவது, மேலும் ஒரு வாரம் கழித்து, ஒரே வாக்கியம்: 'இது உங்கள் பொறுப்பில் இல்லையென்றால், யாரிடம் கேட்கலாம் என்று சொல்ல முடியுமா?' அதோடு நிறுத்தம். ஐந்தாறு முறை துரத்துவது வழக்கமாக இருக்கும் துறை இது. ஆனால் நாளுக்குப் பத்து மடல் போகும் புது டொமைனில் இரண்டு பேர் 'ஸ்பேம்' பொத்தானை அழுத்தினாலே விகிதம் கனத்துவிடும். மொத்தமாக அனுப்புவோரின் ஸ்பேம் புகார் விகிதத்துக்கு கூகுள் வைத்திருக்கும் வரம்பு 0.3 சதவீதம்.

விளைவு

140 பேரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஏதோ ஒரு பதில் எழுதினார். விலை கேட்டவர்கள் ஒன்பது பேர். நான்கு பேரிடமிருந்து வேலை வந்தது. அதில் ஒன்று ஆண்டு ஒப்பந்தம். 'வேறொருவரோடு ஒப்பந்தம் இருக்கிறது, இன்ன மாதம் முடிகிறது' என்று எழுதியவர்கள் விலை கேட்டவர்களைவிட அதிகம். திரும்பி வந்த மடல்கள் மூன்று. சான்றிதழும் இன்வாய்ஸும் மறுபடி ஒழுங்காகப் போய்ச் சேரத் தொடங்கின. அதற்குச் சில வாரங்கள் பிடித்தன, ஏனெனில் டி.என்.எஸ். திருந்தினாலும் கெட்ட பெயர் உடனே மறைவதில்லை.

பதில்களைப் பிரித்துப் பார்த்தால், சான்றிதழ் முடியும் தேதியை வைத்து எழுதியவற்றிலிருந்தே பெரும்பாலானவை வந்திருந்தன. வேலை விளம்பரத்தை வைத்து எழுதியவை கிட்டத்தட்ட வெறும் கையோடு திரும்பின. ஆள் எடுக்கும் நிறுவனத்துக்கு அந்த வேலையை வெளியே கொடுக்கும் எண்ணம் இருக்க வேண்டியதில்லை. பதில் எழுதியவர்களில் பாதிப் பேர் பின்தொடர் மடல்களுக்குத்தான் எழுதினார்கள். கடைசி ஒற்றை வாக்கிய மடலால் சிலரது மடல் சரியான ஆளுக்கு மாற்றி அனுப்பப்பட்டது.

இந்த எண்களை இன்னொருவர் தன் இலக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. 140 என்பது சிறிய தொகை. இடையில் விற்பனை அலுவலர் இரண்டு பொருள் வரிகளை எழுபதுக்கு எழுபதாகப் பிரித்து ஒப்பிட விரும்பினார், செய்தும் பார்த்தார். ஒன்றுக்கு இரண்டு பதில் கூடுதலாக வந்தது. அந்த வேறுபாடு தற்செயலாகவே வரக்கூடியது. அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அந்த நேரத்தில் இன்னும் பத்து நிறுவனங்களைத் தேடியிருந்தால் பயன் தெளிவாக இருந்திருக்கும்.

இரண்டு வாய்ப்புகள் கைநழுவின. விலை கேட்டு வந்த பதிலின்போது விற்பனை அலுவலர் வெளியூர் ஆலையில் இருந்தார். மூன்று நாள் கழித்தே பதில் போனது. ஒருவர் அதற்குள் வேறிடம் கொடுத்துவிட்டார், மற்றவர் பதிலே எழுதவில்லை. தணிக்கைத் தேதி நெருங்குவதால்தான் அவர்கள் விலை கேட்டார்கள். அதே காரணத்தால் அவர்களால் காத்திருக்கவும் முடியவில்லை.

மாற்ற வேண்டியவை

இவ்வளவு குறைவாக அனுப்பும்போது தனி டொமைன் தேவையில்லை. பெறுபவர்களில் இருவர், மடலில் உள்ள டொமைனும் நிறுவனத்தின் இணையதளமும் வேறாக இருக்கிறதே, இது போலியா என்று கேட்டார்கள். கேட்காமல் அழித்தவர்கள் எத்தனை பேரோ. நாளுக்குப் பத்து மடலைக் கையால் எழுதி, சரியான ஆளுக்கு அனுப்பும்போது முதன்மை டொமைனுக்கு ஆபத்து குறைவு. எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் மூன்றும் ஒழுங்காக இருந்தால் அங்கிருந்தே எழுதலாம். அளவு நூறுகளைத் தொடும்போது பிரிப்பதைப் பற்றி யோசித்தால் போதும்.

மடல் அனுப்பும் நாட்களில் பதில் எழுத ஒருவர் அலுவலகத்தில் இருக்க வேண்டும். அவர் இல்லாத வாரத்தில் அனுப்பாமல் இருப்பது மேல். கருவி வகைவாரியான விலைப் பட்டியல் முன்கூட்டியே தயாராக இருந்தால், விலை கேட்டவருக்கு அன்றே எண்ணைச் சொல்லிவிடலாம்.

'ஒப்பந்தம் இருக்கிறது' என்ற பதில்கள் முதலில் தோல்விகளின் கீழ் குறிக்கப்பட்டிருந்தன. ஒப்பந்தம் முடியும் மாதத்தை வாடிக்கையாளரே எழுதித் தந்திருக்கிறார். எந்தப் பட்டியல் விற்பனையாளரிடமும் அந்தத் தகவல் கிடைக்காது. அவற்றைத் தனித் தாளில் மாதவாரியாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எட்டு வாரம் முன்பு, அவர் முன்பு எழுதிய அதே தொடரிலேயே மறுபடி எழுதுவது என்று ஏற்பாடாகியிருக்கிறது. அந்த வரிசையில் முதல் மூன்று மடல்கள் போயின. மூன்றுக்கும் பதில் வந்தது. ஒருவர் கருவிப் பட்டியலையே அனுப்பியிருந்தார்.